ஏழாம் எண் கைப்பீரங்கி

குழாய் வேலை செய்யும் மாமாவிடம் ஒன்பது கைப்பீரங்கிகள் இருந்தன. கைப்பீரங்கி என்றால் துப்பாக்கிக்குக் கொள்ளுத் தாத்தா. ஒரு முனை அடைத்த இரும்புக் குழல், வெடிமருந்துக்குத் தீ வைக்க ஒரு பொடி ஓட்டை, அவ்வளவுதான். ஓட்டையைச் சுற்றி மருந்து வைக்கும் குழி இல்லாவிட்டால் வயது அதிகம்.

நான்கு மணிக்குச் சேகரிப்போர் சங்கத்துப் பரிசோதகர் வருகிறார். ஏழாம் எண் அறுநூறு வருஷப் பழசு என்று உறுதியானால் மாமா சங்க உறுப்பினர். இல்லையென்றால் மூன்றாவது நிராகரிப்பு. நான்காவது விண்ணப்பத்துக்கு இடமில்லை.

காலம் கணிப்பது, மாலை வகுப்பில் அதையே படிக்கும் அக்கா மகளின் பொறுப்பு. எதையும் இரண்டு முறை அளப்பாள். வீட்டில் அவள் பெயரே 'ரெண்டுதரம்'.

மூன்றரைக்கு ஏழாம் எண்ணை அளந்தாள். தன்மேல் நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள்.

"மாமா, இதுல தீ வைக்கிற ஓட்டையே இல்ல."

"துரு அடைச்சிருக்கும், நல்லாப் பாரு."

"பார்த்தேன். அந்தப் பக்கம் உங்க மூக்கு தெரியுது."

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு முனையும் திறந்த குழல், மூன்று வருஷம் முன்பு அடுக்களைக் கழுவுதொட்டிக்கு வடிகுழாயாக மாட்ட வாங்கியது. அப்படியானால் தொட்டியில் மாட்டியது எதை?

"அதானே!" என்று அத்தை வந்தாள். "ஒரு டம்ளர் கழுவினா தண்ணி இறங்க அரை மணி நேரம். ஊர் அடைப்பெல்லாம் எடுக்கிற மனுஷன், 'உன் காபித்தூள்தான்டி அடைக்குது'ன்னார்!"

மூவரும் தொட்டிக்கடியில் தவழ்ந்தார்கள். பொடி ஓட்டை வழியே நூலாகத் தண்ணீர் வாளியில் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் குழி இல்லை. மாமா ஸ்பேனரை எடுத்தார். அழைப்பு மணி அடித்தது.

பரிசோதகர் கோட்டோடு மல்லாந்து படுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் சொட்டியது.

"அறுநூறு வருஷம், தாராளமா."

"நானும் இப்பவே ரெண்டு தரம் அளந்தேன் சார், ஆனாலும் இன்னொரு தரம்..."

"ஆனாலும் கீனாலும் வேண்டாம்மா." முத்திரை குத்திவிட்டார்.

மாமாவுக்குக் கண் கலங்கியது. "கழட்டி அலமாரியில வெச்சிடட்டுமா?"

"ஐயையோ! பதிவான இடத்தை விட்டு அசைச்சா உறுப்பினர் பதவி போயிடும். முதல் விதியே அதுதான்."

மாமா ஸ்பேனரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை பரிசோதகருக்குக் காபி கொடுத்தாள். குடித்து முடித்ததும், "கப்பை நீங்களே கழுவிடுங்க. தண்ணி முழுக்க இறங்கினப்புறம் போகலாம்" என்றாள்.

கோட்டுக் கையை மடித்துக்கொண்டு அவர் தொட்டிமுன் நின்றார். ரெண்டுதரம் நேரம் பார்த்து நோட்டில் எழுதினாள்: முப்பத்தோரு நிமிடம். அப்புறம், சந்தேகம் தீராமல், அவரிடம் இன்னொரு கப்பை நீட்டினாள்.