பனியன் துணியில் அளந்த ஸ்பிரிங்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சென்னிமலை முருகன் பாதத்தில் கை வைத்துச் சொல்வேன். அவ்வளவு தூரம் கை எட்டாததால் மேசை மேல் வைத்துச் சொல்கிறேன். கதை கிடைத்தது திருப்பூர் காதர்பேட்டை டீக்கடையில். சொன்னவர் பஸ் வந்துவிட்டதென்று பாதியில் எழுந்து போய்விட்டார். மீதிப் பாதியும் சத்தியம்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1964ஆம் ஆண்டின் அடைமழை நாளொன்றில், திருப்பூர் வீதிகளில்...’ வேண்டாம். திருப்பூரில் அடைமழை என்றால் அடுத்த வரியையும் நம்பமாட்டீர்கள்.

பனியன் வியாபாரி லிங்கசாமியின் பழைய சீமைக் காரில், குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. மகள் சாரதாமணிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர உடுமலைப்பேட்டைக்குப் போனவரிடம், சம்பந்தி ஞானாம்பாள் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதுல எம்மருமகள ஏத்தமாட்டேனுங்க. குலுங்காத வண்டியா கொண்டாந்தா அனுப்பறேன். இல்லீன்னா பிரசவம் இங்கயே ஆகட்டும்.”

சாரதாமணி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். (இங்கே அவளை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். பார்த்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.)

3

சீமையிலிருந்து புதுப் பட்டை வருவது நின்றுபோன காலம். பழசுதான் கதி. கியாசுதீனின் பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

“என்ன மாடலுங்க?”

“கறுப்புங்க பாய்.”

“எந்த வருசமுங்க?”

“சாரதாமணிக்குச் சீர் செஞ்ச வருசம்.”

“அளவாச்சும் இருக்குங்களா?”

லிங்கசாமி மடியிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்தார். உடைந்த பட்டையை முனைக்கு முனை அளந்து வெட்டியது. சொந்தச் சரக்கு, பனியன் துணி.

முதல் பட்டையில் பிடித்தார். சரியாக வந்தது. அடுத்ததிலும் சரியாக வந்தது. மூலையில் கிடந்த பெரியதற்கும் குறைவில்லாமல் வந்தது.

“அது லாரிதுங்க,” என்றார் கியாசுதீன்.

“துணி சரியா வருதுங்களே.”

“துணி நீளுதுங்க, மொதலாளி.”

கடை வாசலில் இரண்டு வடக்கத்தி வியாபாரிகள் நின்றிருந்தார்கள். ‘எத்தனை இழுத்தாலும் பழைய அளவுக்கே வந்துரும்’ என்று காலையில்தான் லிங்கசாமி அவர்களிடம் சரக்குப் பேசியிருந்தார். லாரிப் பட்டையிலிருந்து எடுத்த நாடாவோ இப்போது அவர் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. துணி தொய்ந்தது என்று ஒப்புக்கொண்டால் வியாபாரம் போகும். துணியை நம்பி லாரிப் பட்டையை வாங்கினால் மகள் வரமாட்டாள்.

(முதல் பிரதியில் அவர் லாரிப் பட்டையை வாங்கினார், கார் உடுமலைப்பேட்டை வரை தவளை மாதிரி... அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நடக்காததை எழுதக் கூடாது.)

கியாசுதீன் வாசலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“துணி மேல குத்தமில்லீங்க. வெயில்ல கெடந்து என் இரும்புதான் நீண்டுபோச்சு. உங்க பழைய பட்டையவே கொண்டாங்க. இரும்ப இரும்போட வெச்சுப் பாத்துக்கலாம்.”

வடக்கத்தியர் இரும்பை இரக்கத்தோடு பார்த்தார்கள். லிங்கசாமிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது.

“நல்ல இரும்பா வாங்கி வைக்கப்படாதுங்களா பாய்?”

“இனிமே பனியன்லயே செய்யச் சொல்றேனுங்க.”

4

பழையது வந்தது. நீளம், அகலம், எத்தனை அடுக்கு, நடு போல்ட்டின் துளை எங்கே என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்று பொருந்தியது. அதை மாட்டிக்கொண்டு கார் மறுபடி உடுமலைப்பேட்டைக்குப் போனது.

ஞானாம்பாள் தளும்பத் தளும்பப் பால்சொம்போடு பின்சீட்டில் ஏறி, ஊரைச் சுற்றி வந்து இறங்கினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. (டீக்கடையில் கதை சொன்னவர் கணக்கில் இரண்டு சொம்பு. நான் குறைத்துத்தான் எழுதுகிறேன்.)

“கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

சாரதாமணி வழியெல்லாம் தூங்கினாள். லிங்கசாமி பள்ளத்துக்குப் பள்ளம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் விழிக்கவேயில்லை.

5

பிறந்தது ஆணா, பெண்ணா? இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், நான் தலையிடமாட்டேன். ஆதாரம் கேட்பவர்களுக்காக, நேரில் விசாரித்து உறுதிசெய்த தகவல் ஒன்று மட்டும்: லிங்கசாமிக்கு மொத்தமே இரண்டு பிள்ளைகள், இரண்டும் பையன்கள்.