மேடம் வெளியூர்

மூன்றாவது மாற்று லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியை வைத்தது என் அக்கா.

அக்கா மாடியில் குடியிருக்கிறாள். முதல் மாற்று வந்தபோது நான் தவறான துளையில் சார்ஜரைக் குத்திக்கொண்டிருந்தேன். "இங்கடா, இங்க" என்று புள்ளி வைத்துவிட்டுப் போனாள். அதில் ஸ்பேஸ் பார் வேலை செய்யவில்லை. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் திரையின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைவது என் வேலை. கோடு தவளையின் இரைப்பையில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. அதையும் கொடுத்தேன். இப்போது முதலாவதே புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஸ்பேஸ் பாரை அழுத்தினேன். அசையவில்லை.

"வழி தெரிஞ்சு வீட்டுக்கு வந்திருக்கு பாரு" என்றாள் அக்கா. "நம்ம தெருவுக்கு கூரியர்காரனுக்கே வழி தெரியாது."

முதலில் பழுதான லேப்டாப் என் மனைவியுடையது. வாங்கியது, பதிவு செய்தது, மூன்றாண்டு வாரண்டி எடுத்தது எல்லாம் அவள். அவள் இறந்து பத்து மாதம் ஆகிறது. வங்கி, வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயரை மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று. சர்வீஸ் சென்டருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவர்கள் அவள் செல்போனுக்குத்தான் அழைப்பார்கள். "மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்க வேறு யாரும் மிச்சமில்லை. அதற்காகவே அந்தப் போனை மேசையருகே இருக்கும் ஒரே பிளக்கில் செருகி வைத்திருந்தேன். லேப்டாப்புக்குச் சமையலறையில் சார்ஜ் போட்டுக்கொள்வேன்.

"நீ தனியாப் போனா இளிச்சவாயன்னு இன்னொரு ஓட்டையத் தலையில கட்டிருவாங்க. நானும் வர்றேன்" என்றாள் அக்கா. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெம்பில்லை.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் நாற்பத்தேழு. ஒன்றரை மணி நேரம். கவுண்டரில் இருந்த பெண் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ரெண்டும் வேற வேற சீரியல் நம்பர் மேடம்."

"ஸ்டிக்கர்தான் வேற. சட்டைய மாத்திட்டா ஆளு மாறிடுவானா?" என்றாள் அக்கா.

"திரும்பி வர்றதையெல்லாம் சரி பண்ணித்தான் அனுப்புவாங்க."

"என்னத்த சரி பண்ணாங்க? துடைச்சாங்க. அதையும் ஒழுங்காத் துடைக்கல."

பின்னால் காத்திருந்த ஒருவர் சிரித்தார். கவுண்டர் பெண்ணுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தட்டச்சு செய்தார்.

"மூணும் பழுதுங்கிறதால புதுசே குடுக்கலாம் சார். சீல் பிரிக்காத பாக்ஸ். ஆனா பதிவு பண்ணவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்." திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "அவங்களத்தான் பிடிக்கவே முடியலையே. முதல் தடவ கால் பண்ணப்ப, மேடம் வெளியூர். அடுத்து, மேடம் மீட்டிங்ல. அப்புறம் மேடம் குளிக்கிறாங்க. மேடம் தூங்குறாங்க. போன வாரம் மறுபடி வெளியூர். எப்ப சார் திரும்பி வருவாங்க?"

அக்கா அடுத்த சண்டைக்கு வாயைத் திறந்திருந்தாள். மூடிக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வாரண்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. பழைய கருவி வாங்கினால் அதுவும் பழுதாகும். மறுபடி அழைப்பார்கள்.

"புதுசு வேண்டாம்" என்றேன். "பழசுலயே வேற ஒண்ணு குடுங்க."

"சார்?"

"பழசே போதும்."

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "டேய்" என்றாள். மெதுவாக. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அவங்க வர மாட்டாங்க" என்றேன் கவுண்டர் பெண்ணிடம். "இறந்துட்டாங்க. பத்து மாசம் ஆச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது கொஞ்ச நேரம் ஆடியது.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஒரே ஒரு ஃபாரம்தான் சார்" என்றார் தாழ்ந்த குரலில். "இவ்வளவு அலைஞ்சிருக்க வேண்டாம்."

ஃபாரத்தை நிரப்பினேன். சான்றிதழின் நகல் ஒன்று பையின் கடைசி அறையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பெயர் மாற்ற அவள் எண்ணுக்கு ஓடிபி வரும் என்றார். கிளம்பும்போது கையோடு எடுத்து வந்திருந்த அவள் போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"அஞ்சுதான் சார் சொன்னீங்க. இன்னும் ஒண்ணு."

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்து ஆறாவதைச் சொன்னாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா, "அவ குளிக்கிறான்னு சொன்னா யாருடா நம்புவா? அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துருவா அவ" என்றாள்.

"அவங்களுக்கு அது தெரியாதுல்ல."

"ஆமா. அவங்களுக்குத் தெரியாது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

சீலைப் பிரித்தேன். திரையில் கோடு இல்லை. ஸ்பேஸ் பார் வேலை செய்தது. வேறு ஏதாவது இருக்குமென்று எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். எல்லாமே வேலை செய்தன. முதல் தடவை எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் போட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. தவளைப் படம் நாளைக் காலைக்குள் போயாக வேண்டும். மேசையில் உட்கார்ந்துதான் வரைய முடியும்.

மேசையருகே இருந்த பிளக்கிலிருந்து அவள் போனின் சார்ஜரைப் பிடுங்கினேன். லேப்டாப்பைச் செருகினேன்.

போனில் எழுபத்தொரு சதவீதம் இருந்தது. இரண்டு நாள் தாங்கும்.