மணி அடிக்கட்டும்

நாலாவது நாளும் கை தப்புப் பண்ணிவிட்டது. ஆளுக்கு ஒரு கரண்டி என்ற கணக்கில் இரண்டு கரண்டி தேயிலையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி, திருகு மணியை மூன்று நிமிடத்துக்குத் திருப்பி வைத்த பிறகுதான், வீட்டில் குடிக்க ஒரே ஆள் என்பது அவருக்கு உறைத்தது. சே, என்ன பிழைப்பு இது! இரண்டாவது கோப்பையை ஊற்றவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மின்தூக்கி பழுது பார்ப்பது அவர் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'மூணு நிமிஷம்'. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொண்டு அலறினாலும், கையில் பிளாஸ்க் இருந்தால், "ஒரு மூணு நிமிஷம் பொறுத்துக்குங்க, இலை ஊறுது" என்று சொல்லக்கூடிய மனுஷன். தூள் டீயைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நூல் கட்டிய பொட்டலத்தைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பவர்களைப் பார்த்தால், "டீ போடறீங்களா, மீன் பிடிக்கறீங்களா?" என்று கேட்டுவிடுவார். இலை என்றால் முழு இலை. அது தண்ணீரில் தானாக விரிய வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. இந்தப் பொறுமையை இலையிடம் மட்டும்தான் காட்டுவார் என்பது வேறு விஷயம்.

நாலு நாளுக்கு முந்திய காலையிலும் இலை ஊறிக்கொண்டிருந்தது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். முப்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும் தையல் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக மேற்பார்வை பார்க்கிறவள்.

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் திரும்பி ஆள்காட்டி விரலைத் தூக்கினார். "இரு. மணி அடிக்கட்டும்."

மணி அடித்தது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிதானமாக வடிகட்டினார். கோப்பையோடு திரும்பியபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள், அலமாரியில் இருந்த மணியைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. காலங்கார்த்தாலே என்ன கோபமோ என்று அவர் பால்கனிக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் சீட்டு இருக்கிறது, ஆள் இல்லை. 'அக்கா வீட்டுக்குப் போறேன்.'

போன் பண்ணினால் அவளுடைய அக்காதான் எடுத்தாள். "அவ போன்ல பேச மாட்டா தம்பி. நேர்ல வாங்க." நானா போவது என்று மூன்று நாள் வீறாப்பாக இருந்தார். ஆனால் என்ன சொல்ல வந்தாள் என்கிற கேள்வி மண்டையைக் குடைந்தது. அவளுக்குப் பிடித்த பீங்கான் தட்டை உடைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் போட்டது தெரிந்துவிட்டதோ? கொஞ்ச நாளாக டி.வி.யை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறாள் என்று எரிந்து விழுந்தாரே, அதுவோ? ஒருவேளை இனி சேர்ந்து இருக்க வேண்டாம் என்றே முடிவு பண்ணிவிட்டாளோ? இதை நினைத்ததும் எழுந்து சட்டையை மாட்டினார். தேயிலை டப்பா, வடிகட்டி, குடுவை, மணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பெண்டாட்டியைச் சமாதானம் பண்ணப் போகிறவன் கொண்டுபோகிற சாமானா இது? ஆனால் அக்கா வீட்டு டீயை நினைத்தால் அவருக்குக் குமட்டும்.

அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி மேலே ஏறும்போது லேசாக முனகியது. இடது பக்க உருளை தேய்ந்திருக்கிறது என்று காதே சொன்னது. சத்தத்தை வைத்து நோயைச் சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தாள். "வந்துட்டீங்களா" என்றாள், கொஞ்சம் உரக்க.

"டீ போடட்டுமா தம்பி?" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா, வெந்நீர் மட்டும் குடுங்க."

குடுவையை மேசையில் வைத்தார். மூன்று பேருக்கு மூன்று கரண்டி. வெந்நீரை ஊற்றினார், மணியைத் திருகினார். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் மனைவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தே? எதுவா இருந்தாலும் சொல்லிடு. தூக்கமே இல்ல எனக்கு."

அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கசப்பாகச் சிரித்தாள்.

"மணி அடிக்கட்டும். அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் உங்க மனசு இங்க இருக்காது."

சரியான குத்து. அவள் தலையைக் குனிந்து தைக்க ஆரம்பித்தாள். இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து அடியில் இறங்கின. இத்தனை வருஷத்தில் மூன்று நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.

மணி அடித்தது. அந்தச் சின்ன அறையே அதிர அடித்தது. அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் குடுவையைத் தொடவில்லை, அவள் பேசட்டும் என்று காத்திருந்தார். அவள் நிமிரவே இல்லை. ஊசியை இழுத்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், அடுத்த தையலைப் போட்டாள். இன்னும் கோபம் தீரவில்லை போல. மணி விசை தீரும் வரை அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைத் தூக்கினாள்.

"இன்னும் அடிக்கலையா?"

அவர் அவளையே பார்த்தார். அன்றைக்குச் சமையலறை வாசலில் அவள் நின்ற நிலை ஞாபகம் வந்தது. கோப்பையைப் பார்த்தது, மணியைப் பார்த்தது. அட பாவி, அவள் காத்துக்கொண்டல்லவா நின்றிருக்கிறாள்! உருளை முனகினால் கேட்கிற காது எதற்கு ஆயிற்று? உள்வாசலில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வடிகட்ட யாரும் இல்லாமல் குடுவையில் தேநீர் கறுத்துக்கொண்டே போயிற்று. அவர் எழுந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மணியை எடுத்து ஒரு திருகு திருகி, உடனே பூஜ்யத்துக்குத் திருப்பினார். அது மறுபடி அடிக்கத் தொடங்கியதும், அவள் மடியிலிருந்த திரைச்சீலையை ஒதுக்கி, அவளுடைய உள்ளங்கையில் மணியை வைத்தார். அவள் திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். பிறகு, நடுங்குகிற அந்த மணியைச் சுற்றி விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.