ஏறிப் பார்க்கும் வீடு

தினசரிப் பத்திரிகை ஒன்றில் பிழைதிருத்தும் வேலை எனக்கு. இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துத்தான் வயிறு வளர்க்கிறேன். அலுவலகத்தில் என்னை 'ஒற்று சார்' என்பார்கள். க், ச், த், ப் எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று நான் சண்டை போடாத நிருபர் அங்கே கிடையாது. தலைப்பில் ஒரு 'ப்' விட்டுப்போனதற்காக ஓடுகிற அச்சு இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவன் நான். அவர்கள் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் அப்படித்தான். கல்யாணம் நிச்சயமான பிறகு என் மனைவி எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஒன்பது பிழைகள் இருந்தன. வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கடிதமே எழுதவில்லை. மளிகைச் சீட்டைக்கூட வாயால்தான் சொல்லுவாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. காலையிலிருந்து இருமுகிறவர்களையும் முனகுகிறவர்களையும் பார்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தால், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். மேலே ஒரு குழாய், நடுவில் ஒரு விரிசல், அவ்வளவுதான் காட்சி. அந்தச் சுவருக்கு அவள் 'உங்க அம்மா' என்று பெயர் வைத்திருந்தாள்.

"எப்பப் பார்த்தாலும் எதிர்லயே நிக்குது. ஒரு நாளாவது நகருதா பாருங்க" என்பாள்.

எங்களுடையது சின்ன நகரம். பேருந்து நிலையத்தைத் தாண்டி நாலு திருப்பம் போனால் ஏரி வந்துவிடும். அதைச் சுற்றிலும் குடியிருப்புகள். கல்யாணமான புதிதில், அங்கே ஒரு வீடு வாங்கி, அடுப்படியில் நின்றால் ஜன்னலில் தண்ணீர் தெரியும்படி செய்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசி மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதிர்ல அந்த மூணு மாடிக் கட்டடம் மட்டும் இல்லேன்னா ஏரி பளிச்சுன்னு தெரியும் சார்" என்றார் ஒரு தரகர். அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு ஆயுள் என்று மனைவி கேட்டாள். இன்னொரு வீட்டுக்காரர், ஏரி நடக்கிற தூரம்தான் என்றார். நடந்தோம். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தோம். ஒரே ஒரு தடவை ஏரியை ஒட்டினாற்போலவே ஒரு வீடு கிடைத்தது. உள்ளே போனால் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அது என்ன என்று கேட்டேன்.

"போன மழையில ஏரி வந்துட்டுப் போச்சு" என்றார் வீட்டுக்காரர், அத்தை வந்து போனதைச் சொல்வதுபோல.

அன்று திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த வீடுதாங்க கடைசி. அதுலயும் இல்லேன்னா என்னைக் கூப்பிடாதீங்க. உங்க அம்மாவப் பார்த்துக்கிட்டே காலத்த ஓட்டிடறேன்."

கத்திச் சொல்லியிருந்தால் பயமில்லை. கத்தினால் டீ கொதிக்கிற நேரத்துக்குள் கோபம் போய்விடும். இதை அவள் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, ஞாயிறு இதழுக்கான வரி விளம்பரங்கள் என் மேஜைக்கு வந்தன. அதில் ஒன்று:

'ஏறிப் பார்க்கும் வீடு விற்பனைக்கு. இரண்டு படுக்கையறை. ஞாயிறு காலை நேரில் வரவும்.' அடியில் முகவரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த 'ரி' என்றுகூடத் தெரியாத ஜன்மம் வீடு விற்க வந்துவிட்டது! சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'றி'யை 'ரி' ஆக்கினேன். 'ப்'பை வெட்டி எறிந்தேன். 'ஏரி பார்க்கும் வீடு.' இப்போது படிக்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: ஏரி பார்க்கும் வீடு!

ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி நம்பவில்லை.

"எவனோ எழுதிப் போட்டத நம்பி இன்னொரு ஞாயித்துக்கிழமைய வீணாக்கணுமா?"

"எவனோ இல்ல. நானே என் கையால சரிபார்த்து அனுப்பியிருக்கேன்" என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் எங்கள் பத்திரிகை. ஒருவர் கழுத்தில் பைனாகுலர்கூடத் தொங்கியது; அவர் பல் டாக்டராம். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லியான மனிதர். இவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்காமல் திருதிருவென்று விழித்தார்.

உள்ளே போனோம். பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னறை ஜன்னலுக்குப் பாய்ந்தோம். எதிர்வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. படுக்கையறை ஜன்னலில் ஒரு கார் ஷெட். அடுத்த அறையில் ஒரு நாய். அதுவும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லைன்மேன் பின்னாலேயே வந்து, "ஜன்னல் கம்பியெல்லாம் நல்ல கம்பி சார், ஆட்டிப் பாருங்க" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

சமையலறைக்கு மட்டும் என் மனைவி தனியாகப் போனாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவள் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று, வீட்டில் நிற்பதுபோலவே ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தாள். வெளியே சுவரோடு சேர்த்து அடித்த ஓர் இரும்பு ஏணி. வேறொன்றுமில்லை.

பல் டாக்டர் பொறுமையிழந்தார்.

"யோவ், ஏரி எங்கய்யா?"

"மேல சார். ஏறினாத்தானே தெரியும்? மொட்டை மாடிக்குப் போயி, தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னா அட்டகாசமா தெரியும்."

"பேப்பர்ல ஏரி பார்க்கும் வீடுன்னு போட்டிருக்கு!"

"நான் அப்படிப் போடலையே" என்று லைன்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். விளம்பரப் படிவத்தின் நகல். "இதோ பாருங்க. ஏறிப் பார்க்கும் வீடு. 'ஏறி'ன்னா மேல ஏறி. உள்ளதச் சொல்லி விக்கணும் பாருங்க, அதான் யோசிச்சு எழுதினேன்."

பல் டாக்டர் காகிதத்தையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஓகோ! இது பேப்பர்காரன் வேலை. எவனோ அரைகுறை உட்கார்ந்து திருத்தியிருக்கான். அவனுக்கு ஏறிக்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரியல."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருபத்தாறு வருட சர்வீஸ்! அரைகுறையாம்!

"தெரியாம என்ன?" என்று கத்தினேன். "'ஏறிப் பார்'னா வினையெச்சம், 'ப்' வரும். 'ஏரி பார்'னா இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'ப்' வராது. அதனாலதான் அந்த 'ப்'ப நான் எடுத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. லைன்மேன் 'ப்'பைச் சரியாகப் போட்டிருந்தார். 'ப்'பைச் சரியாகப் போடத் தெரிந்தவருக்கு 'றி' தெரியாமலா இருக்கும்? அவர் எழுதியதில் தப்பே இல்லை. நான் எடுத்ததுதான் தப்பு.

"நீங்களா?" என்றாள் மனைவி.

பத்துப் பேர் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பல் டாக்டர் மட்டும் நின்று நிதானமாகத் திட்டினார். என் பல் ஒன்று தன்னிடம் மாட்டினால் தெரியும் என்றார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

கூட்டம் போனபின் திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். சமையலறை ஜன்னலில், ஏணியின் ஏழாவது படியில், அவள் கால்கள் இரண்டும் தெரிந்தன.

பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் இன்ஷூரன்ஸ் காகிதம் எங்கே என்று கேட்கிறவள் அவள். பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். அதற்குள் அவள் மொட்டை மாடியைத் தாண்டி, தொட்டிமேலேயே போய் நின்றுவிட்டாள்.

"தெரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

கையைக் குவித்து மறுபடியும் கத்தினேன்.

"உன்னைத்தான். ஏரி தெரியுதா?"

"தெரியுது."

"எவ்வளவு?"

"மொத்தமும்."

கால் மணி நேரம் ஆயிற்று. அவள் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. லைன்மேன் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "ஜன்னல்ல ஏரி இல்லாட்டி என்ன சார், ஏணி இருக்கே. ஒரு எழுத்துதானே வித்தியாசம்" என்று ஆறுதல் சொன்னார். அதை என்னிடம் போய்ச் சொன்னார் பாருங்கள்.

"என்னங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "இந்த வீட்டையே வாங்கிடலாம்."

"சமையலறை ஜன்னல்ல தெரியலையே? நான் சொன்னது அதுதானே?"

"ஜன்னல்ல தெரிஞ்சா நீங்களும் பக்கத்துல வந்து நிப்பீங்க. தண்ணி பளபளன்னு மின்னுதுன்னு நான் சொன்னா, பளபளன்னாலே மின்னறதுதான், ரெண்டுல ஒண்ண எடுன்னு சொல்லுவீங்க. உயரம்னா பயந்துக்கிட்டு இங்க நீங்க ஏற மாட்டீங்கல்ல?"

சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது தண்ணீரை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாத ஓர் இடமும் அவளுக்கு வேண்டியிருந்திருக்கிறது. அதைக் கேட்க எனக்கு அழுகை வந்தது. லைன்மேன் பார்த்துக்கொண்டிருந்ததால் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிப்போட்டேன். ஏணியில் ஏறினேன். நாலாம் படியில் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தொட்டியின் விளிம்பிலிருந்து அவள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயோ, அங்கயே நில்லுங்க! அது போதும்." பிறகு சொன்னாள்: "இங்க நாரை நாலு நிக்குது. ஒண்ணு மட்டும் கோவிச்சுக்கிட்டுத் தனியா போயி நிக்குது."

நாரை நாலு என்றால் பன்மை. 'நிக்குதுங்க' என்றாவது வர வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அப்புறம்?" என்றேன்.



"அப்புறமா? என்னையா கேக்கறீங்க?"

"ஆமா. அப்புறம் என்ன தெரியுது, சொல்லு."

சொன்னாள். கரையோரப் படகு, அதில் தூங்குகிற ஆள், அவர் மேல் உட்கார்ந்திருக்கிற காக்கா என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் நாலாம் படியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கை மரத்துப்போனபின்தான் லைன்மேன் வந்து என்னைப் பிரித்தெடுத்து இறக்கினார்.

அன்றே பேசி முடித்தோம். பத்திரிகையில் திருத்தம் போட வேண்டும் என்று லைன்மேன் கேட்டுக்கொண்டார். நான் பேனாவை எடுப்பதற்குள் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு, அவருடைய காகிதத்தின் பின்பக்கத்தில் தானே எழுதினாள். மடித்து என் கையில் கொடுத்தாள். அந்த முதல் கடிதத்துக்குப் பிறகு அவள் கையெழுத்தில் எனக்கு வந்த இரண்டாவது கடிதம் அது.

செவ்வாய்க்கிழமை இதழில் வந்தது:

'திருத்தம்: ஞாயிறு பேப்பரில் ஏரி பார்க்கும் வீடு என்று போட்டது எங்க தப்பு. ஏறிப் பார்க்கும் வீடு என்று படிக்கவும். வீடு வித்துப் போச்சு.'

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் அந்தப் பக்கம் விரிந்திருந்தது.

"என்ன ஒற்று சார், 'எங்க தப்பு'ங்கறீங்க, 'வித்துப் போச்சு'ங்கறீங்க. நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன் சார்" என்றேன். "ஒரு தப்பும் இல்ல."