வாய் திறக்கும் முன்

திரைக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி முடித்துவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தேன். அந்தத் துணியில்தான் தமிழ் வரப்போகிறது. படத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அதற்குள் நூலகத்தின் மாடிப்படி நிறைந்து, வரிசை சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிருந்தது. எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் இதற்குமுன் கூட்டம் போட்டபோதெல்லாம் வந்தவர்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். இப்போது ஸ்பானிஷ் மொழிப் படங்களுக்கென்று மூன்று நாள் விழா, ஒரே மொழி பேசும் வெவ்வேறு நாட்டுப் படங்கள் என்று சுவரொட்டி ஒட்டியதும் ஊரே திரண்டுவிட்டது. சங்கச் செயலாளரான பல் டாக்டர் கஞ்சி போட்ட சட்டையோடு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார்.

"என் கிளினிக்ல முதல் பல்லு பிடுங்கினப்பகூட கை இப்படி நடுங்கலம்மா" என்றார் என்னிடம். "நீ தைரியமா இருக்க இல்ல?"

"இருக்கேன் டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டு, துணியில் போட்ட முடிச்சையே மறுபடி அவிழ்த்துக் கட்டினேன்.

டாக்டரின் அக்கா அந்த நாடுகளில் ஒன்றில் வசிக்கிறார். வசனங்களையெல்லாம் அவர்தான் தமிழாக்கி அனுப்பியிருந்தார். நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கும் நான் அவற்றைத் தட்டச்சு செய்தேன். "அடிச்ச கைதானே, படம் ஓடும்போது நீயே தட்டிடும்மா" என்று டாக்டர் என் தலையில் கட்டிவிட்டார். நடிகர் ஒரு வசனம் பேசினால் நான் ஒரு விசையைத் தட்ட வேண்டும், அந்த வரி துணியில் விழும். முந்தித் தட்டினால் நகைச்சுவை பிறக்கும் முன்பே செத்துவிடும். பிந்தினால் ஊசிப்போன பண்டம். அடுத்த வரி எது என்று கண் கணினியிலேயே இருக்க வேண்டும், காது மட்டும் படத்தில். மொழி தெரியாவிட்டாலும் ஒரு வாரம், அப்பா வீடு திரும்பும் முன், வீட்டுச் சுவரில் ஓட்டிப் பழகியதில் யார் எப்போது மூச்செடுக்கிறார்கள் என்பதுவரை எனக்கு மனப்பாடம். அம்மாவுக்கும் பாதி மனப்பாடமாகி, பால் பொங்கி வழிந்தால் அந்த மொழியிலேயே திட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஆனால் என் படபடப்பு படத்தைப் பற்றியதல்ல. அப்பாவைப் பற்றியது.

அப்பா சலூன் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் முடி வெட்டிக்கொள்ள வருபவர்களைவிட அவர் பேச்சைக் கேட்க வருபவர்கள்தான் அதிகம். மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் உயிரை மட்டும் விட்டுவைத்து இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போனது. தொழில் போகவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆள் திடீரென்று பேச வாயெடுத்தால் ஆபத்து. அப்பாவின் கத்தி அதற்கு முன்பே விலகியிருக்கும். "வாய் திறக்கறதுக்கு முன்னாடியே தொண்டை சொல்லிடும்" என்பார். காது போன பிறகும் ஒருவர் முகத்திலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. போனது சிரிப்புதான். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா அதை அப்பாவுக்குச் சைகையில் விளக்கி முடிப்பதற்குள் பந்தியே அடங்கி, மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோன தன் தாயைப் பற்றிக் கண்கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தன் சத்தம் தனக்கே தெரியாததால் மிகவும் உரக்கவே. எல்லாத் தலைகளும் திரும்பின. அன்றிலிருந்து அவர் உதட்டை மூடிக்கொண்டு புன்னகைப்பதோடு சரி. அதுகூட மற்றவர்களின் தோள் குலுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

விழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, "செவிடனுக்கு எதுக்கும்மா சினிமா?" என்றார்.

நான் போனில் எழுதிக் காட்டினேன். 'அங்க வர்ற எல்லாருமே இந்தப் படத்துக்குச் செவிடுதாம்பா. ஒருத்தருக்கும் அந்த பாஷை தெரியாது. எல்லாரும் படிச்சுத்தான் சிரிக்கணும்.'

இரண்டு முறை படித்தார். "டாக்டருமா?"

தலையாட்டினேன்.

"அப்ப வர்றேன். ஆனா கடைசி வரிசை, ஓரமா."

கடைசி வரிசை ஓரத்தில்தான் என் மேசையும் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கடவுளிடம் நான் பெரிய வரம் எதையும் கேட்டுப் பழகியதில்லை. விளக்கு அணைந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன்: இவர் இன்று எல்லோரோடும் சேர்ந்து ஒரு தடவை சிரிக்க வேண்டும்.

படம் ஒரு அக்காவையும் தங்கையையும் பற்றியது. பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, நடுவில் ஒரு குட்டைச் சுவர். அந்தச் சுவரின் மேல் இருவருக்கும் பொதுவாக ஒரு கோழி. ஒருத்தியைத் திட்ட வேண்டுமென்றால் மற்றவள் கோழியிடம் சொல்வாள். "ஏ கோழி, சில பேர் வீட்டுச் சூப்பைக் குடிச்சா பூனைகூட உயில் எழுதிட்டுத்தான் படுக்குமாம்." நான் தட்டினேன், அரங்கம் வெடித்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா முன்வரிசைத் தோள்களைப் பார்த்துவிட்டு மூடிய உதட்டால் புன்னகைத்தார். அடுத்த சிரிப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அப்போதுதான் ஒலி நின்றது.

படம் ஓடிக்கொண்டிருந்தது, உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. ஆபரேட்டர் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். டாக்டர் திரைக்கு முன்னால் ஓடி, கோழியின் உருவம் தன் சட்டையில் விழ, "அஞ்சு நிமிஷம்! அஞ்சே நிமிஷம் பொறுத்துக்குங்க! நிறுத்திட்டு..." என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நடு வரிசையிலிருந்து ஒரு அம்மாளின் குரல் எழுந்தது. "எதுக்குங்க நிறுத்தணும்? அவங்க பேசினா மட்டும் நமக்குப் புரியவா போகுது? ஓட்டுங்க, படிச்சுக்கறோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் குனிந்தபடி ஓடிவந்து உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டது நான்தான். காது இல்லாமல் எப்படித் தட்டுவது? திரையைப் பார்த்தால் வரி தவறியது, வரியைப் பார்த்தால் திரை தவறியது. படத்து அக்காவின் வசனத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், திரையில் கோழி மட்டும் நின்றுகொண்டிருந்தது. 'என் மாமியாரே பரவாயில்லை' என்று கோழி சொல்வதுபோல் ஆகிவிட்டது. சிரித்தார்கள், ஆனால் அது படத்துக்கான சிரிப்பல்ல.

என் இடது மணிக்கட்டில் ஒரு விரல் விழுந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் திரையில் இருந்தது. சலூனில் தலையைத் திருப்பச் சொல்லும் அதே மெல்லிய தட்டு. நான் தட்டினேன். மறுபடி விரல் விழுந்தது, மறுபடி தட்டினேன். மூன்றாவது வரியில்தான் எனக்குப் புரிந்தது. திரையில் யார் வாய் திறந்தாலும், திறக்கும் கணத்துக்கு ஒரு நூல் முன்னதாக விரல் இறங்கியது. அதற்குப் பிறகு நான் திரையையே பார்க்கவில்லை. அப்பா படத்தைப் பார்த்தார், நான் வரிகளைப் பார்த்தேன், நூறு பேர் இரண்டையும் பார்த்துச் சிரித்தார்கள். கேட்ட வரத்தைக் கடவுள் மறந்தாலும், கேட்காத ஒரு கையை நீட்டிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதையில் கோழி காணாமல் போனது. சகோதரிகள் இருவரும் சுவரின் இருபுறமும் வந்து நின்றார்கள். அப்பாவின் விரல் உயர்ந்தது. இறங்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் தொண்டை ஏறி இறங்கியது, உதடு பிரிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. பிறகு தங்கையின் தொண்டை. விரல் அந்தரத்திலேயே நின்றது.

திடீரென்று அரங்கில் காற்றின் ஒலி நிறைந்தது, எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஒலி வந்துவிட்டது. ஆபரேட்டர் எழுந்து நின்று கட்டைவிரலைக் காட்ட, எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் வந்துடுச்சா?" என்றார். அளவு தெரியாமல், மிக உரக்க.

நாலைந்து தலைகள் திரும்பின. அப்பா கூசிப்போய்த் தோளைக் குறுக்கிக்கொண்டு, என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்தவர் ஓரமாக ஒதுங்கிக்கொள்வதுபோல.

எனக்கு இப்போது எல்லாம் கேட்டது. காற்று, நாய், அக்காவின் மூச்சுகூட. அந்த மூச்சின் கணக்கு எனக்கு மனப்பாடம். நான் மடியிலிருந்த அவர் கையை எடுத்தேன். பழைய இடத்திலேயே, என் மணிக்கட்டின் மேல் கொண்டுவந்து வைத்தேன். என்னைப் பார்த்தார். நான் வரியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். சற்று நேரம் அந்தக் கை சும்மா கிடந்தது. பிறகு ஒரு விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது.

விழுந்தது. தட்டினேன். அதே கணத்தில் அக்காவின் குரல் அரங்கை நிறைத்தது.

'கோழியும் போச்சு. இனிமே உன்கிட்ட நானேவா பேசணும்?'

நூறு பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு எழுந்தது. யார் தோளையும் பார்க்காமல், வாய் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பு. அரங்கம் அடங்கிய பிறகும் அது அடங்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் முகத்தைக் கண்டதும் அவருக்கும் மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. அவர் மனைவிக்கும். அது அப்படியே அடுத்த வரிசைக்குத் தாவியது.

திரையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் தொண்டைக்குழி அசைந்தது. சிரிப்பில் இன்னும் குலுங்கிக்கொண்டே, அப்பாவின் விரல் மணிக்கட்டிலிருந்து உயர்ந்தது.