தண்ணீர் போன இடம்

காலையில் எழுந்ததும் லின்டன் முதலில் பார்ப்பது பிள்ளையின் முகத்தை அல்ல, வீட்டுக் குழாய்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் பாய்லரின் அழுத்த முள்ளை. இன்றும் அது அடிமட்டத்தில் கிடந்தது. அடியில் உள்ள சின்னக் குழாயைத் திறந்து, முள் ஏறும்வரை தண்ணீர் விட்டு மூடினான். டீக்குக் கெட்டில் வைப்பது போல இதுவும் பழகிப்போயிருந்தது. குளிர் ஊரான ஹாலிஃபாக்ஸில் பாதி வீடுகளில் இந்தக் கூத்துதான் நடக்கிறது. ஒழுகுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், “பிரஷர் கொஞ்சம் இறங்குது” என்பார்கள்.

ஆனால் இந்த வீட்டில் பிள்ளை இருந்தது. மேபல் நாள் நிறையாமல் பிறந்தவள். “வீட்டுல சூடு நிக்கலேன்னா மறுபடியும் வார்டுதான், சொல்லிட்டேன்” என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாடி அறை சூடாகவே இல்லை. தொட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கி, கேஸ் கணப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நர்ஸ் அன்று மதியம் வருவதாக இருந்தது.

அதனால்தான் லின்டன் தன் மானத்தை ஓரங்கட்டிவிட்டு ஹேசலைக் கூப்பிட்டான். ஹேசல் அவன் மனைவி கோரினின் அக்கா, பாய்லர் மெக்கானிக். அவன் வீட்டில் ஆணி அடித்தாலே அவளுக்குச் சிரிப்பு வரும்.

“தினமுமா ஊத்துற?” என்றாள் வந்ததும்.

“பாப்பா வந்ததுலேர்ந்து.”

“பேஷ். ஊத்துற தண்ணி எங்க போவுதுன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா, கண்ணு?”

பாய்லர் மிகுதித் தண்ணீரைக் கக்க வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு வந்து பாய்லரை ஓடவிட்டாள். பை நனையவில்லை. பிறகு பாய்லரையும் வீட்டுக் குழாய்களையும் பிரிக்கும் வால்வுகளை மூடிவிட்டு டீ குடித்தாள். முள் அசையாமல் நின்றது.

“பாய்லர் மேல பழி இல்ல. வீட்டுக்குள்ளதான் எங்கேயோ போவுது.” வீடு ஆறக் கூடாதென்று வால்வுகளைத் திறந்து மறுபடி ஓடவிட்டாள். “மேல ஏதாவது வேலை பாத்தியா?”

“ஒண்ணும் இல்லியே. தரைப்பலகை கிறீச்சுன்னுச்சு. பாப்பா முழிச்சுக்குவாளேன்னு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன், அவ்வளவுதான்.”

ஹேசல் கோப்பையைக் கீழே வைத்தாள். “எவ்வளவு நீளம்?”

அவன் விரலைக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

“குழாயெல்லாம் அதுக்கு அடியிலதான்டா ஓடுது. குத்தின ஸ்க்ரூவே ஓட்டைய அடைச்சுக்கிட்டு நிக்கும், ஓரமா கசியும். நீ எதையும் தொடாத. நான் முதல்ல தண்ணிய வடிக்கிறேன்.” வடிக்கும் ரப்பர் குழாயை எடுக்க வேனுக்குப் போனாள்.

தொடாதே என்றால் தொட்டுவிடும் ஜாதி லின்டன். பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்க் கம்பளத்தைச் சுருட்டினான். ஸ்க்ரூக்கள் எல்லாம் பளபளத்தன. ஒன்று மட்டும் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் திருப்பிப் பார்த்தான். அது கையோடு வந்துவிட்டது.

சுடுதண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. பலகையை நெம்பித் தூக்கி, குழாயின் ஓட்டையைக் கட்டை விரலால் அமுக்கினான். அப்போதுதான் உறைத்தது, இதற்கு நேர் கீழே முன்னறை. முன்பு இருந்தவர்கள் அந்த அறையின் உட்கூரைக்குத் தடித்த காகிதம் ஒட்டி, அதன்மேல் பெயின்ட் மேல் பெயின்டாக அடித்து வைத்திருந்தார்கள். அதில் கறை தெரியாது. இத்தனை நாள் காலையில் ஊற்றிய தண்ணீர் முழுவதும் தொட்டிலுக்கு மேலே அந்தக் காகிதத்துக்குள் பை போலத் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

“கோரின்! பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போ!”

கோரின் சோபாவில் கண்ணயர்ந்திருப்பாள். இறங்கி ஓடலாம், ஆனால் விரலை எடுத்தால் மிச்சத் தண்ணீரும் அங்கேதான் போகும். தொண்டை கிழிய மறுபடியும் கத்தினான்.

கீழே எதுவோ மெல்லக் கிழிந்தது. பிறகு மொத்தமாக விழுந்தது. அவன் முழங்காலுக்கு அடியில் பலகை அதிர்ந்தது.

சத்தமே இல்லை. அழு, மேபல், அழுதுவிடு என்று கெஞ்சினான்.

பிள்ளை வாசல் பக்கமிருந்து வீறிட்டது. லின்டன் வாய்விட்டு அழுதான்.

மாடிப்படியில் ஹேசல் குரல் கேட்டது. “கோரின் தூக்கிட்டா. தொட்டில்தான் போச்சு. கீழ திறந்துவிட்டுட்டேன், மேலத் தண்ணி வடிஞ்சிடுச்சு, விரலை எடு.”

அவனால் எடுக்க முடியவில்லை. ஹேசல்தான் குனிந்து விலக்கிவிட்டாள். தண்ணீர் வரவில்லை.

கோரின் பிள்ளையோடு மேலே வந்தாள். அவள் தலைமுடியில் காரைத் துகள் ஒட்டியிருந்தது. லின்டன் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“முதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வை” என்றாள்.