கொள்ளு டின்

குதிரைக்கு மனிதர் பேச்சு புரியும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதெல்லாம் ஒன்றும் புரியாது. குதிரைக்குப் புரிவது கொள்ளு. அவித்த கொள்ளைப் பழைய எண்ணெய் டின்னில் கொட்டி, கரண்டியால் நாலு தட்டு தட்டினால் போதும், எங்கள் குதிரைகள் மாந்தோப்பில் எந்த மூலையில் நின்றாலும் பறந்து வந்துவிடும். சத்தியவேட்டில் எங்கள் தோப்பைத் தாண்டிப் போகிறவர்கள், "காஞ்சனா டின்னு தட்டிக்கினு கீறா, பொழுது சாஞ்சிட்சி" என்று சொல்வார்கள். ஊருக்கே நான்தான் கடிகாரம்.

என் வீட்டுக்காரர் வேணு முன்பு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைகள் எல்லாம் திறந்த ஜீப்பில் நின்று ஆட ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. பிறகுதான் இந்தக் கடற்கரை சவாரி. புதிதாக ஏறுகிறவர்களுக்கு இல்லை, நன்றாகப் பழகினவர்களுக்கு மட்டும். எங்கள் தோப்பிலேயே அங்கவடியில் கால் வைக்காமல் நாலு சுற்று ஓடவிட்டுப் பார்ப்பார். ஆடினவனைக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

சவாரி நடப்பது சுவர்ணமுகி கடலில் கலக்கும் இடத்தில். ஆற்றுக்கு வடக்கே கரையில் குதிரைகளை இறக்குவோம். அங்கிருந்து அலை ஓரமாகத் தெற்கே வருவார்கள். நான் வேனை எடுத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பாலம் சுற்றி, முகத்துவாரத்தின் தென்கரையில் நின்றிருப்பேன். அவர்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்ததும் டின்னைத் தட்டுவேன். அப்புறம் குதிரைகளை யாரும் ஓட்ட வேண்டியதில்லை, அவையே பிய்த்துக்கொண்டு வரும். முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது, அதைச் சிதறடித்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார்கள். அந்தக் கடைசி ஓட்டத்துக்காகத்தான் மறுபடியும் மறுபடியும் வருகிறார்கள்.

மாசி மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள். வேணுவைக் குட்டிக் குதிரை ஒன்று தள்ளிவிட்டதில் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டு, கையைத் தூளி கட்டிக்கொண்டு கிடந்தார். சவாரியில் முன்னால் போக ஆள் இல்லை. என் பெண் ஹரிதா, "நான் போறேன்" என்றாள். அவளுக்கு இருபது வயது, ஒரே பிள்ளை.

"வாணாம்" என்றேன்.

"ஏம்மா, நைனாவ வுட நான் நல்லா ஓட்டுவேன். நைனாவையே கேளு."

வேணு கட்டில்லாத பக்கம் சாய்ந்துகொண்டு சிரித்தார். "ஆமாமே. என்னத்தான் குட்டி தள்ளிட்சி. இவள எதுவும் தள்ளல."

"குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா, நீயும் வுழுந்து இவளயும் அனுப்புறியா?" என்று கத்தினேன். அப்பனும் மகளும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் என் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது.

அன்றைக்கு வந்தது மூன்று பேர். திருப்பதியில் ஓட்டல் வைத்திருக்கிறவர் பையன் யஸ்வந்த், அவனுடைய சிநேகிதர்களான ஒரு புருஷன் பெண்டாட்டி. மூன்று பேரும் பெங்களூரில் குதிரை பழகினவர்கள். யஸ்வந்த் உண்மையிலேயே நல்ல சவாரிக்காரன், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெள்ளையன் என்று ஒரு முரட்டுக் குதிரை எங்களிடம் இருக்கிறது. அவன் மேல் ஏறி இரண்டு நிமிஷத்தில் அடக்கிவிட்டான்.

"அது கொஞ்சம் தன்னிஷ்டத்துக்குப் போகும் தம்பி, லகானை லூசா வுடு" என்றேன்.

"பர்வாலேது, பரவால்ல ஆன்ட்டி. குதிரை சொல்றத நான் கேக்கக் கூடாது. நான் சொல்றத அது கேக்கணும். அதானே சவாரி?" என்றான். வேணு தலையாட்டினார். எனக்கென்னவோ அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அன்று ஆரம்பத்திலிருந்தே எதுவும் சரியில்லை. ஹரிதாவின் செம்பட்டைக் குதிரை மொளகா, சாய்வுப் பலகை போட்டால் தானே ஏறி வேனில் நிற்பவள், அன்று ஏறவே மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டாள். கொள்ளு காட்டித்தான் ஏற்றினோம். நாயுடுபேட்டை பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வேணு எட்டிப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். கீழே ஆறு முழுக்க மணல். ஒரு ஓரத்தில் யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டுத் தண்ணி இல்ல. அங்க காஞ்சி கெடக்கும்" என்றார் வேணு.

எங்கள் பக்கத்து ஆறுகள் மணல் ஆறுகள். வெள்ளம் வந்தால் மேலேயிருந்துதான் வரும். அதனால் பாலத்தில் எட்டிப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வோம், மாடு ஓட்டுவதானாலும் சரி, பொண்ணு அழைப்பதானாலும் சரி. கீழேயிருந்து ஆற்றை ஒருவன் திறந்துவிட முடியும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது.

வடகரையில் குதிரைகளை இறக்கினோம். எப்போதும் படகும் வலையுமாக ஜனம் இருக்கும் இடம். அன்று ஒரு ஈ காக்கை இல்லை. படகுகள்கூட இல்லை. கடல் கலங்கி, சேற்று நிறத்தில் கிடந்தது.

"எங்கய்யா எல்லாம் போயிட்டாங்க?" என்று வேணுவைக் கேட்டேன்.

"நாளிக்கு மாசி மகம். சாமி வேலையா போயிருப்பாங்க. நீ ஒண்ணுக்கும் ஒம்போது யோசிச்சிக்கினு கெடக்காத."

வேணுவுக்கு ஒரு சட்டம் உண்டு. குதிரை மேல் ஏறினால் போன் கூடாது. எல்லார் போனையும் ஒரு பையில் வாங்கி வேனில் போட்டுவிடுவார். அன்றும் வாங்கினார். ஹரிதா மொளகா மேலிருந்து குனிந்து என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா சத்தமா தட்டும்மா, நான்தான் முதல்ல வருவேன்" என்றாள். அவர்கள் கிளம்பிப் போவதைப் பார்க்காமலே, வேணுவை ஏற்றிக்கொண்டு நான் வண்டியைத் திருப்பினேன். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்கக்கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம்.

பாலம் சுற்றித் தென்கரைக்கு வந்து, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் வேனை இறக்கியபோது, பொன்னியம்மா எதிரே வந்தாள். கருவாடு விற்கிற மீனவப் பெண், எங்களுக்குப் பழக்கம்.

"குதிர வரலியா காஞ்சனா?" என்றாள்.

"அந்தாண்டையிலிருந்து வந்துக்கினு கீதுங்க."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "எந்தாண்ட? இன்னாடி சொல்ற? ராத்திரிதான் மொகத்துவாரத்த வெட்டி வுட்டாங்க! எறா உள்ள வரணும்னு நம்ம ஆளுங்க எல்லாம் சேந்து வெட்னாங்க. வெட்னது ஒரு முழம், உப்பங்கழித் தண்ணி மண்ண துன்னு துன்னு இப்ப ஆள் ஆழம் போவுது. படகெல்லாம் உப்பங்கழிக்குள்ள கொண்டுபோயிட்டாங்க."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் மணல் சுவர் செங்குத்தாக வெட்டுப்பட்டு, நடுவே பழுப்புத் தண்ணீர் சத்தமே இல்லாமல் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. நான் பார்க்கும்போதே எதிர்க்கரையில் ஒரு கட்டில் அளவு மணல் சரிந்து விழுந்தது. விழுந்த சுவடு தெரியவில்லை.

ஹரிதாவுக்குப் போன் போட்டேன். அது என் முதுகுக்குப் பின்னால், வேனுக்குள் பையில் அடித்தது.

நிறுத்தத் தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். "வந்துட்டாங்கமே" என்றார் வேணு. வடக்கே நாலு புள்ளிகள். முன்னால் செம்பட்டை.

வேணு நல்ல கையைத் தூக்கி ஆட்டப் போனார். பிடித்து இழுத்தேன். "ஆட்டாத! நாம ஆட்றது வான்னுதானே அர்த்தம்!" கத்தினால் அலைச் சத்தத்தில் கேட்காது. தண்ணீரைப் பார்த்தாலும் நிற்க மாட்டார்கள். தண்ணீரில் பாயத்தானே அவர்கள் வருவதே. டின்னை நான் தட்டவில்லை, ஆனாலும் குதிரைகள் வேகம் எடுத்துவிட்டன. வேன் தெரிந்துவிட்டது. வேன் என்றால் கொள்ளு.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ, குலதெய்வம்தான் கொடுத்திருக்க வேண்டும். "வேன்ல ஏறுய்யா! டின்ன எடு!" என்றேன்.

வண்டியை மேற்கே திருப்பினேன், கடலுக்கு முதுகு காட்டி, உப்பங்கழிக் கரையோரமாக. பின்கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, இரண்டு முழங்காலுக்கு நடுவே டின்னை இடுக்கி, வேணு ஒற்றைக் கையால் தட்டினார். அந்த மாதிரி அவர் ஜென்மத்தில் தட்டியிருக்க மாட்டார். சத்தம் எங்கே போகிறதோ அங்கேதான் குதிரை போகும். முகத்துவாரத்துக்கு வருவதற்குள் அவை மேற்கே திரும்பிவிட வேண்டும். "ஏழுமலையானே, ஏழுமலையானே" என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

"திரும்பிட்டா! மொளகா திரும்பிட்டா!" என்று பின்னாலிருந்து வேணு அழுதார்.

ஹரிதா குதிரையைத் தடுக்கவில்லை. அவள் எப்போதும் மொளகா போகிற போக்கில் விட்டுத்தான் ஓட்டுவாள். சிநேகிதனும் அவன் பெண்டாட்டியும் திடீரென்று குதிரை திரும்பியதில் பயந்து, பிடரியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றும் வடகரையோடு மேற்கே வந்துவிட்டன. நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

யஸ்வந்த் திரும்பவில்லை. வெள்ளையன் திரும்பத்தான் பார்த்தான். கழுத்தை மேற்கே ஒடித்து ஒடித்துத் திரும்பினான். அந்தப் பையன் விடவில்லை. குதிரை தன்னிஷ்டத்துக்குப் போகிறது என்று நினைத்து, லகானைப் பிடித்து நேராக்கி, குதிகாலால் ஒரு உதை கொடுத்தான். அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தான், இம்மிகூட ஆடாமல். அப்படியே கரையோடு சரிந்து காணாமல் போனான்.

வெள்ளையன்தான் முதலில் மேலே வந்தான். டின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தி, சரிவான ஒரு இடத்தில் எங்கள் பக்கம் ஏறி, சேணம் காலியாக ஓடிவந்து டின்னுக்குள் மூக்கை விட்டான். யஸ்வந்த் தலை தண்ணீருக்கு நடுவே தெரிந்தது. நீச்சல் தெரிந்தவன் போலத்தான் கையை வீசினான். தண்ணீர் அவனை மெதுவாகக் கடல் பக்கம் கொண்டுபோனது. பொன்னியம்மா, "படகு! படகு!" என்று கத்திக்கொண்டு தோப்புக்குள் ஓடினாள்.

ஹரிதா மொளகாவைத் திருப்பி வடகரையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? எங்கள் ஏரியில் மொளகாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நீந்தி வளர்ந்தவள் அவள். குதிரையை உள்ளே இறக்கி, அவனை வாலைப் பிடிக்கவைத்து, இந்தக் கரைக்கு வந்துவிடலாம் என்று பார்க்கிறாள். ஆனால் மொளகா காலை ஊன்றிக்கொண்டாள். இறங்கவில்லை. ஹரிதா உதைத்தாள், கெஞ்சினாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! டின்னத் தட்டு!"

வேணு கரண்டியை ஓங்கினார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"தட்டுமே! அவளால முடியும். மொளகாவும் நல்லா நீஞ்சும். அந்தப் புள்ள போவுது பாரு!"

"அம்மா! தட்டும்மா! நான் வந்துடுவேம்மா!"

நான் கரண்டியைத் தண்ணீரில் எறிந்தேன். வெள்ளையன் வாயிலிருந்து டின்னை இழுத்து, இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். வேணு ஒற்றைக் கையால் அதைப் பிடுங்கப் பார்த்தார். முடியவில்லை. யஸ்வந்த் ஒரு தடவை என்னவோ சொன்னான், தெலுங்கிலா தமிழிலா என்றுகூடத் தெரியவில்லை. அலை உடைகிற இடத்துக்கு அவன் போகிறவரைக்கும் ஹரிதா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் தட்டவில்லை.

படகு வந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. மறுநாள் யஸ்வந்த் தெற்கே கரை ஒதுங்கினான்.

நான் செய்ததுதான் சரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். போலீஸ்காரர்கூட, "பெத்தவ வேற இன்னாம்மா பண்ணுவா" என்றார். எனக்கு யார் சொல்லியும் ஆக வேண்டியதில்லை. இன்னொரு தடவை அந்தக் கரையில் நிறுத்தினாலும் டின்னைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். யஸ்வந்தின் அம்மா ஒருநாள் காரில் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீ அம்மாயி பாகுந்தா?" என்றார். உங்கள் பெண் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார்.

ஹரிதா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள், வேலை சொன்னால் செய்கிறாள். ஆனால் பொழுது சாய்ந்ததும் மொளகா மேல் ஏறித் தோப்புக்குப் பின்னால் இருக்கிற ஏரியைச் சுற்றி அக்கரைக்குப் போய்விடுவாள். அங்கே நின்றுகொண்டு, அன்றைக்குக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிடுவாள்.

"அம்மா! டின்னத் தட்டு!"

நான் தட்டுவேன். மொளகா ஒரு நிமிஷம் யோசிக்காமல் தண்ணீரில் இறங்குவாள். நடு ஏரியில் அவள் தலையும் என் பெண்ணின் தலையும் மட்டும் தெரியும். தட்டுவதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் குதிரை பாதியில் நின்றுவிடுமோ என்று பயம். கரையேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நிற்பார்கள். மொளகா டின்னுக்குள் மூக்கை விடுவாள். ஹரிதா இறங்கி, என் முகத்தைப் பார்த்து, நாள் தவறாமல் அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

"மொளகா வந்துட்டா, பாத்தியா?"